கோயிலில் சண்டை, வீட்டில் துக்கம்: இரண்டும் ஒன்றாக வரும்போது

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் அண்ணாந்து பார்த்தால் ஃபேன் தெரியும், ஃபேன் இறக்கையில் பெயர் தெரியும். 'இன்னார் நினைவாக, மனைவி மக்கள்' என்று பெயின்டில் எழுதியிருக்கும். (சுற்றும்போது படிக்க முடியாது, கரண்ட் போனால்தான் யார் கொடுத்தது என்றே தெரியும்.) அந்த மாதிரி ஒரு ஃபேனுக்காக எங்கள் வீட்டில் எட்டு மாதம் யாரும் கோயிலுக்குப் போகவில்லை. அப்பா இறந்த மூன்றாவது மாதம் அம்மா ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்த ஃபேன் அது. கோயிலைப் புதுப்பித்த பிறகு இனிமேல் பெயர் எழுதக் கூடாது என்று கமிட்டியில் முடிவு எடுத்திருந்தார்கள், அதை அம்மாவிடம் சொன்ன விதம் சரியில்லை, நான் ராத்திரி பதினோரு மணிக்குச் சபை வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒன்றை எழுதிப் போட்டேன், விடிவதற்குள் ஊர் இரண்டாகிவிட்டது. இன்று யோசித்தால் அந்தச் சண்டையில் ஃபேனுக்குப் பங்கே இல்லை. அப்பா இல்லை என்பதை எங்களால் தாங்க முடியவில்லை, அதைக் கடவுளிடம் கேட்கப் பயம், கமிட்டிச் செயலாளரிடம் கேட்கப் பயமில்லை.

அதனால் சபையில் யாராவது சின்ன விஷயத்துக்குப் பெரிதாகக் கொதித்தால், முதலில் செய்ய வேண்டியது அந்த வீட்டில் சமீபத்தில் என்ன இழப்பு நடந்தது என்று யோசிப்பது. சாவு மட்டும் இல்லை. வேலை போனது, பிள்ளை வெளிநாடு போய்ப் பேசாமலிருப்பது, முப்பது வருஷம் பாடகர் குழுவில் நின்றவரைக் குரல் போய்விட்டது என்று உட்கார வைத்தது, எல்லாமே இழப்புதான். எதற்குக் கோபப்படுகிறார் என்பதை விட எதை இழந்தார் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரன், தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்துச் சபை. போதகரை இன்னும் ஐயர் என்றுதான் சொல்வோம். சேகரம் (ஒரு போதகரின் கீழ் வரும் ஊர்ச் சபைகள்), கமிட்டி, திருமண்டலம் (பேராயரின் கீழ் வரும் வட்டாரம்) என்று நான் சொல்வதெல்லாம் அந்த அமைப்பை வைத்து. கத்தோலிக்கர்களும் பெந்தெகொஸ்தேக்காரர்களும் தங்கள் சபைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

சரி, சண்டை வந்துவிட்டது. என்ன செய்வது? பைபிளில் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் வரிசையே இருக்கிறது: முதலில் நீயும் அவனும் தனியாக, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்கு. நாம் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். முதலில் வாட்ஸ்அப் குழு, அதாவது மொத்தச் சபை. அப்புறம் சமாதானம் பேச இரண்டு பேர். பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர் கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார நேர்ந்தால், அப்போது தனியாக.

தனியாகப் போவதற்கு ஒரு முறை உண்டு. ஆராதனை முடிந்து கோயில் வாசலில் வைத்து ஆரம்பிக்காதீர்கள், அங்கே வேடிக்கை பார்க்க ஆள் அதிகம், ஆள் இருந்தால் இருவருமே இறங்கி வர மாட்டீர்கள். செவ்வாய், புதன் மாதிரி ஒன்றுமில்லாத நாளில் சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள். காப்பி கொடுத்தால் குடியுங்கள். அதை வேண்டாம் என்று சொன்னால் வந்த காரியம் அங்கேயே முடிந்தது. பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "அண்ணாச்சி, அன்னைக்குக் கமிட்டியில நீங்க அப்படிச் சொன்னது எனக்குச் சங்கடமா போச்சு" என்று உங்கள் சங்கடத்தை மட்டும் சொல்லுங்கள். "ஊரே அப்படித்தான் சொல்லுது" என்ற வார்த்தை வந்தால் அவர் உடனே யார் யார் சொன்னது என்று கேட்பார், பேச்சு அந்த வழியாகப் போய்விடும். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கணக்கோடு போகாதீர்கள், எங்கள் ஊர் ஆண்கள் மன்னிப்பு என்ற சொல்லை ஜெபத்தில் மட்டும்தான் பயன்படுத்துவார்கள். அடுத்த ஞாயிறு அவராக வந்து கோயிலில் பேசினால் அதுதான் மன்னிப்பு, எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போகும்போது உங்கள் மச்சானைக் கூட்டிப் போகாதீர்கள். அவர் மதிக்கிற ஆள் வேண்டும், உங்களுக்கு வேண்டிய ஆள் இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் யாராவது இருப்பார், அல்லது பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லார் வீட்டுப் பிரசவத்துக்கும் நின்ற ஒரு மூத்த அம்மா இருப்பார். ஐயரைக் கடைசியில் கூப்பிடுங்கள், முதலிலேயே இழுத்தால் அவரையும் ஓர் அணியில் சேர்த்துவிடுவார்கள், அவருக்கோ சில வருஷத்தில் மாறுதல் வந்துவிடும், உங்கள் சண்டை மட்டும் ஊரிலேயே இருக்கும்.

பணச் சண்டைக்கு இந்த வழி சரிவராது. காணிக்கைக் கணக்கு, கட்டட நிதி, பள்ளிக்கூட வேலை நியமனம், இதிலெல்லாம் காப்பி குடித்துப் பேசினால் பேச்சோடு போய்விடும். கணக்கைக் கேட்பது சண்டையே இல்லை, அது சபையாரின் உரிமை. தேதி போட்டு, என்ன கேட்கிறோம் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி, சேகரத் தலைவருக்குக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அதே நகலோடு திருமண்டல அலுவலகத்துக்கு. சகோதரனுக்கு விரோதமாக நீதிமன்றம் போகலாமா என்று 1 கொரிந்தியர் 6ஐக் காட்டுவார்கள். நியாயம்தான், ஆனால் கணக்கைக் காட்டாதவர்தான் பெரும்பாலும் அந்த வசனத்தை எடுப்பார் என்பதையும் பார்த்திருக்கிறேன். சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக நியமிக்கும் அளவுக்கு நம் திருச்சபை வழக்குகள் போயிருக்கின்றன. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஆரம்பத்திலேயே ஒரு கடிதத்துக்கு ஒழுங்காகப் பதில் கொடுத்திருந்தால் பலதும் சபைக்குள்ளேயே முடிந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றை இதோடு கலக்கவே கூடாது. பிள்ளைகளிடமோ பெண்களிடமோ யாராவது தவறாக நடந்தால் அது சண்டை இல்லை, குற்றம். அங்கே மத்தேயு 18ஐ எடுத்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தனியாக அவனிடம் போய்ப் பேசச் சொல்வது கொடுமை. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் சொல்லியே ஆக வேண்டும், ஐயருக்கும் விலக்கு இல்லை. உதவிக்கு அழைக்கும் எண், பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. திருச்சபையின் நல்ல பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று யாராவது ஜெபக் கூட்டம் போட்டால் எழுந்து வெளியே வாருங்கள்.

தேர்தல் காலத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, வேண்டாம். திருமண்டலத்தை நடத்தும் பெருமன்றத்துக்குத் தேர்தல் வந்தால் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள் இரண்டு அணியாகிறார்கள், அணிக்கு அடியில் தோண்டினால் பல இடங்களில் சாதியோ குடும்பப் பகையோ கிடைக்கும், எல்லாருக்கும் தெரியும், யாரும் மைக்கில் சொல்ல மாட்டோம். ஓட்டுப் போடுங்கள், அதற்காகப் பேச்சை நிறுத்தாதீர்கள்.

ஆதி சபையில் சண்டையே இல்லை என்று நினைப்பவர்களுக்கு: விதவைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவதில் பாரபட்சம் என்று வந்த முறுமுறுப்பு பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 6இலேயே இருக்கிறது. 15ஆம் அதிகாரத்தில் பவுலும் பர்னபாவும் மாற்குவைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று தகராறு பண்ணிப் பிரிந்தே போனார்கள். நம்மூரிலும் 1857இல் எங்கள் மாவட்டத்து நாசரேத் ஊர்ப் பக்கம் சட்டம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம், மிஷனரிகளோடு மோதிப் பிரிந்து தனிச் சபையே தொடங்கினார். அந்தச் சபை ஓய்வுநாளைச் சனிக்கிழமை ஆசரிக்கிறது. ஆக, பிரிவும் நடக்கும். பவுல் சாகப்போகிற காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அதே மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்கு வேண்டும் என்கிறாரே, அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, பிரியும்போது பேசும் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது துட்டி வீடு, அதாவது சாவு விழுந்த வீடு. சண்டையெல்லாம் உண்மையில் எவ்வளவு ஆழம் என்று தெரிவது இங்கேதான். எதிர் அணி வீட்டில் சாவு விழுந்து, கோயில் மணி ஒவ்வொன்றாக அடிக்கிறது, போவதா வேண்டாமா? போங்கள். யோசிக்க நேரம் கொடுத்தால் மனசு காரணம் கண்டுபிடிக்கும், அதனால் சட்டையை மாற்றிக்கொண்டு உடனே போங்கள். கூட்டம் நிறைந்த பிறகு போய்ப் பின்னால் நிற்பதை விட, பெட்டி வருவதற்கு முன்னால், நாற்காலி இறக்க ஆள் தேடும் நேரத்தில் போவது நல்லது. அந்த நேரத்தில் வேலைக்குக் கை வேண்டும், யார் கை என்று பார்க்க மாட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் சொல்வது, ஃப்ரீசர் பெட்டிக்கு ஜெனரேட்டர் ஏற்பாடு, கோயிலுக்குக் கட்டும் சந்தாவின் கார்டில் பாக்கி இருந்தால் சத்தமில்லாமல் கட்டி ரசீது வாங்கி வைப்பது, இதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாக்கி விஷயம் முக்கியம். சந்தா கட்டவில்லை என்று பிணத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசிய கமிட்டியை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அந்தக் குடும்பம் அதற்கப்புறம் அந்தக் கோயில் படியை மிதிக்கவில்லை. நீங்கள் கமிட்டியில் இருந்தால் இதை இன்றே பேசி முடிவெடுத்து எழுதி வையுங்கள்: அடக்கம் முடியும்வரை பாக்கியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று.

துக்கம் கேட்கும்போது வசனம் சொல்லாதீர்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது யோபு தன் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுத் தன்னைப் பற்றிச் சொன்ன வார்த்தை, அடுத்த வீட்டுக்காரன் யோபுவிடம் சொன்னதில்லை. பிள்ளையை இழந்தவர்களிடம் போய், கர்த்தர் தமக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார் என்று சொல்கிறார்களே, எந்தத் தாய்க்கு இது ஆறுதல்? யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் ஏழு ராத்திரி தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள், அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள், அவர் செய்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றி எனக்கு ஞாபகம் இருக்கும் ஆறுதல் ஒன்றுதான்: ஒரு தாத்தா வந்து, "உங்கப்பன் கீர்த்தனைய எப்பவும் அரை ஸ்ருதி ஏத்தித்தாண்டா பிடிப்பான்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

தற்கொலைச் சாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலிக்கன் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தில், தன்னைத் தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்க ஆராதனை முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று குறிப்பு இருந்தது. அதன் நிழல் இன்னும் சில ஊர்களில் மணி அடிக்காமல், ஓரமாக அடக்கம் பண்ணச் சொல்லும் பேச்சாக வருகிறது. குடும்பத்தார் அந்த நேரத்தில் வாதாட முடியாது. நீங்கள் போய் ஐயரிடம் பேசுங்கள், எல்லாரையும் போல மணி, எல்லாரையும் போல கோயிலுக்குள் ஆராதனை என்று கேளுங்கள். வீட்டில் மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வாரக் கணக்கில் பாருங்கள், தேவைப்பட்டால் மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416 எண்ணை நீங்களே போட்டுப் போனைக் கையில் கொடுங்கள்.

அடக்கம் முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் துக்கம் தொடங்குகிறது, அப்போது யாரும் வருவதில்லை. மூன்றாம் மாதம் ஒருமுறை போங்கள். டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வரும்போது நட்சத்திரம் கட்டாத வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள், துக்க வீடு என்று மரியாதைக்காகத்தான், ஆனால் உள்ளே விளக்கை அணைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டபடி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். தாண்டிப் போவதா நிற்பதா என்று நீங்களாக முடிவு பண்ணாதீர்கள், முந்தின நாளே ஒருவரை அனுப்பிக் கேளுங்கள். எங்கள் வீட்டில் கேட்டிருந்தால் அம்மா வரச் சொல்லியிருப்பாள்.

ஃபேன் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். எதிர்த் தரப்பிலிருந்து ஒரு பெரியம்மா ஒரு நாள் மத்தியானம் தனியாக வந்தார். அவர் வீட்டுக்காரர் பெயர் எழுதிய பழைய ஃபேனையும் புதுப்பிக்கும்போது கழற்றிவிட்டார்களாம், எங்களுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் ஃபேன் இப்போது பிள்ளைகளுக்கு ஞாயிறு நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக் கொட்டகையில் பெயர் இல்லாமல் சுற்றுகிறது, பிள்ளைகள் போன பிறகு சுவிட்சை அணைக்க அம்மாதான் போவாள். நான் குழுவில் போட்ட பதிவை அழித்துவிட்டேன், அதை யாரும் மறக்கவில்லை என்பது வேறு.

எல்லாம் செய்தும் முடியவில்லை, வேறு சபைக்குத்தான் போக வேண்டும் என்றால் போங்கள், கோபித்துக்கொண்டு நின்றுவிடாமல் போங்கள். ஐயரிடம் சொல்லிச் சபை மாறுதல் கடிதமும், பிள்ளைகளின் ஞானஸ்நானம், திடப்படுத்தல் சான்றுகளும் வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்குக் கோயிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் நேரத்தில் அலைய வேண்டாம். சந்தாவை அந்த மாதம்வரை தீர்த்துவிடுங்கள். குடும்பக் கல்லறைக்கு அனுமதிச் சீட்டு இருந்தால் பத்திரமாக வையுங்கள். ஈஸ்டர் அதிகாலையில் மெழுகுவர்த்தியோடு பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், புல் வெட்ட ஒரு அரிவாளையும் எடுத்துக்கொண்டு.