சூப்பர்சார்ஜர் காடிக்குப் பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாங்குமுன்

மதியம் பெடரல் ஹைவே ஜாமில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு மிதித்துப் பாருங்கள். காலையில் காராக் ஏற்றத்தில் பாய்ந்த அதே காடி சோம்பி நிற்கும். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது சூப்பர்சார்ஜர்; அழுத்தும்போதே காற்று கொதிக்கிறது. அந்தக் காற்றை ஆற்றும் பாகம் இன்டர்கூலர். சூட்டை அதன் தண்ணீர் சுமந்துவந்து, முன் பம்பருக்குப் பின்னாலிருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இறக்க வேண்டும். இறங்காவிட்டால் என்ஜினை நடத்தும் கணினியான ஈசியூ, பிளக் தீப்பொறி விடும் டைமிங்கைக் குறைத்துவிடும்; பவர் போச்சு.

பலர் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் தண்ணீர் ஓடி ஆறும் நடுப்பகுதியான கோரின் தடிமனைப் பார்த்து மயங்குகிறார்கள். நான் பார்ப்பது முகப்புப் பரப்பை. பம்பர் திறப்பில் காற்று நேராகப் படும் அகலமும் உயரமும்தான் முக்கியம். தடித்த கோர், பின்னாலுள்ள ஏர்கான் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகும் காற்றை மறிக்கும். கோலாலம்பூர் வெயிலில் ஏர்கான் குளிராவிட்டால் வீட்டில் பேச்சு வாங்குவது நீங்கள்தான். ஜாமில் காற்றே ஓடாது என்பதால், தனி மின்விசிறி பொருத்த இடமிருக்கும் மாடல் நல்லது.

அதற்கும் முன், இன்டர்கூலர் தண்ணீரை ஓட்டும் பம்பைச் சோதியுங்கள். நான் புது கோர் மாட்டியும் சூடு இறங்கவில்லை. கடைசியில் பார்த்தால் பழைய பம்ப் செத்துக் கிடந்தது. என்ஜின் ஆறியபின் இன்டர்கூலர் டேங்க் மூடியைத் திறந்து, பம்ப் ஓடும்போது தண்ணீர் சுழல்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊரில் குளிரில் தண்ணீர் உறையாது, ஆகவே கூலன்ட்டில் தண்ணீர் பங்கைக் கூட்டலாம். துரு தடுப்பானை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாட்டியதும் குழாய்க் காற்றை முழுக்க வெளியேற்றச் சொல்லுங்கள்.