பல்பு எரிந்தால் எர்த் ஆகிவிடாது

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு புதுக் கட்டடம். வயரிங் முடித்த இரண்டு பையன்கள் எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹோல்டரில் 100 வாட்ஸ் குண்டு பல்பு. ஒரு ஒயர் பேஸில் (கரண்ட் வரும் கம்பியில்), இன்னொன்று எர்த் கம்பியில். பல்பு பளிச்சென்று எரிந்தது. "சூப்பரா எரியுதுண்ணா" என்றான் ஒருவன். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். செருப்பில்லாமல் வேலை செய்வது, மெயினை அணைக்காமல் கை வைப்பது பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. அது தெரியாதவன் இந்தத் தொழிலுக்கே வரக் கூடாது.

பல்பை நம்புவது

அப்போது காந்தி ரோடு பக்கம் மூன்று மாடி லாட்ஜ் ஒன்றுக்கு வயரிங் எடுத்திருந்தேன். எர்த் குழி தோண்டினால் மூன்றடியிலேயே பாறை. சுற்றிலும் மலை நிற்கிற ஊர், வேறென்ன வரும்? பைப் எர்த் என்றால் 40 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் இரண்டரை மீட்டராவது உள்ளே இறங்க வேண்டும் என்கிறது எர்த்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043. நான் பைப்பை மூன்றடிக்கு அறுத்தேன். கரியும் உப்பும் கொட்டி மூடினேன். மேலே டைல்ஸும் ஒட்டியாயிற்று. பல்பு எரிந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

லிஃப்ட் லைசென்ஸுக்காக ஆய்வுக்கு வந்த அதிகாரி என் பல்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எர்த்தின் தடையை அளக்கும் மெக்கரை எடுத்தார். வெளியே மண்ணில் தள்ளித் தள்ளி இரண்டு ஆணி அடிக்கச் சொன்னார். அளந்தார். 60 ஓம். "இது எர்த்தா, பூந்தொட்டியா?" என்றார்.

கணக்கு எளிதுதான். 100 வாட்ஸ் பல்பின் தடை 500 ஓமுக்கு மேல். அதோடு இந்த 60 சேர்ந்தாலும் பல்புக்கு 200 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். துளி மங்கலாக எரியும். வேலூர் வெயிலில் அது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? ஆனால் கீசர் காயில் வெடித்து பாடியில் கரண்ட் இறங்கினால்? 230-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள். நாலு ஆம்பியர்கூட இல்லை. கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி, டிரிப் ஆகாது. கீசர் பாடியில் 200 வோல்ட்டுக்கு மேல் அப்படியே நிற்கும், யாராவது ஈரக் கையால் தொடும் வரைக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் தங்குகிற லாட்ஜ் அது.

டைல்ஸை உடைத்தோம். ஆழம் போக முடியாத இடத்தில் நீளம் போக வேண்டும்: ஜி.ஐ. பட்டையை அரை மீட்டருக்குக் கீழே காம்பவுண்டு ஓரமாகப் புதைத்தோம். பின்பக்கம் மண் இருந்த இடத்தில் இன்னும் இரண்டு பைப் முழு நீளத்துக்கு இறக்கினோம், நடுவே ஒரு பைப் நீளத்துக்கும் கூடுதலாக இடம் விட்டு. பக்கத்தில் பக்கத்தில் இறக்கினால் இரண்டாவது பைப் தண்டம். மெக்கர் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. செலவு முழுக்க என் கூலியில் கழிந்தது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. லாட்ஜ்காரரிடம் எவ்வளவு நம்பிக்கையாக "எரியுது சார்" என்று சொன்னேன் என்பது ஞாபகம் வந்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

'ஆர்.சி.சி.பி. இருக்கே, எர்த் எதுக்கு?'

ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது அணைத்துவிடும், உண்மைதான். அந்த லாட்ஜில் அது இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஆனால் அதன் டெஸ்ட் பட்டனை கடைசியாக யார், எப்போது அழுத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதைக் கழற்றி நேராக இணைப்பவர்கள்: முதலில் நியூட்ரலை (கரண்ட் திரும்பும் கம்பியை) பாருங்கள். இரண்டு சர்க்யூட் நியூட்ரலைக் கலந்திருப்பீர்கள்.

கடை போர்டு

லாங்கு பஜார் மாதிரி நெருக்கமான தெருக்களில் பெயர்ப் பலகை மாட்டுகிறவர் இரும்புச் சட்டத்தைத் தெருப்பக்கம் நீட்டிவிட்டுப் போய்விடுவார். 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். சுவரிலிருந்து அளக்காதீர்கள், நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து அளங்கள். காற்றில் கம்பி ஆடுவதும் கணக்கில் வரும். சட்டத்துக்குத் தனியாக எர்த் ஒயர் இழுங்கள். எல்.இ.டி.தானே என்று விடாதீர்கள், உள்ளே போகும் சப்ளை 230 வோல்ட்.

அபாயப் பலகை

250 வோல்ட்டுக்கு மேல் என்றால் மண்டையோட்டுப் படத்தோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும், கண்ணில் படுகிற இடத்தில், நிரந்தரமாக. பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிய ஸ்டிக்கர் யாருக்கு?

இரவல் கையெழுத்து

கட்டடத்தைக் கண்ணால் பார்க்காத லைசென்ஸ்காரர் வயரிங் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டால் வாங்காதீர்கள். மின்கம்பியாள் உதவியாளர் தேர்வையாவது நீங்களே எழுதுங்கள்.

ஆய்வன்று காலையில் குழியில் தண்ணீர்

நானும் ஊற்றியிருக்கிறேன். அன்றைக்கு ரீடிங் நன்றாகத்தான் வந்தது. மண் காய்ந்துபோகிற மே மாதம் நான் போய் ஊற்றவில்லை.