கண்டி அந்தோனியார் பேராலயத்துக்குப் போகிறீர்களா?

வெளிநாட்டிலிருந்து வருகிற நம்மவர்கள் கண்டியில் தலதா மாளிகையைப் பார்த்து, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே நுவரெலியாவுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். டி.எஸ். சேனநாயக்க வீதியில் இருக்கிற புனித அந்தோனியார் பேராலயத்துக்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

முதலில் வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. கத்தோலிக்கத்தைத் தடைசெய்த ஒல்லாந்தருக்குத் தெரியாமல் யாழ்ப்பாணத்தில் ஒளிந்து ஊழியம் செய்த கோவாக் குருவான யோசேப் வாஸ் 1692-ல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். 1697-ல் அம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான், 1711-ல் இறந்ததும் இதே கண்டியில். 2015-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இலங்கையின் பழைய கத்தோலிக்கக் கோயில்களில் பரோக், கோதிக் என்ற இரண்டு ஐரோப்பியக் கட்டடப் பாணிகளும் கலந்து கிடப்பதற்குக் காரணம் உண்டு. பரோக் போர்த்துக்கேயரோடும் கோவாக் குருமாரோடும் வந்தது, கோதிக் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குருமாரோடு மறுபடி பரவியது. வளைவும் ஜன்னலும் கைகூப்பியதுபோல மேலே கூராகச் சேர்ந்தால் அது கோதிக். சுருள் வேலைப்பாடு, முறுக்குத் தூண், பொன் பூசிய பீடம், அதன் மேல் சம்மனசுகள் (தேவதூதர்கள்) என்றால் பரோக். எந்தக் கோயிலுக்குப் போனாலும் வாசலில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே கடைசி வாங்கில் உட்கார்ந்து முதலில் கூரையை, அப்புறம் பீடத்தைப் பாருங்கள், எது எந்தக் காலத்துக் கை என்பது மெல்லப் பிடிபடும்.

அந்தோனியாருக்கு உரிய நாள் செவ்வாய், திருநாள் ஜூன் 13. கூட்டத்தோடு கும்பிட விரும்பினால் அப்போது போங்கள். தமிழ்ப் பூசை நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், பூசை நடக்கும்போது போனை எடுக்கவே வேண்டாம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பெரிய பைகளைச் சோதிப்பது வழக்கமாகிவிட்டதால் பயணப் பைகளை விடுதியிலேயே விடுங்கள். தலதா மாளிகையின் பெரஹெரா ஊர்வல நாட்களில் வீதிகளை மூடுவார்கள், அப்போது கண்டிக்குள் வாகனத்தோடு மாட்டிக்கொள்ளாதீர்கள். மழைக்காலம் என்றால் மண்சரிவில் ரயில் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

தாத்தா பாட்டி மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் இந்தியாவுக்கும் வன்னிக்கும் சிதறிப்போனதில் பலரிடம் ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சவில்லை. ஆனால் ஞானஸ்நானப் பதிவு அந்தத் தோட்டம் சேர்ந்திருந்த பங்குக் கோயிலில் இருக்கக்கூடும். எந்தப் பங்கு என்று தெரியாவிட்டால் பேராலய அலுவலகத்தில் விசாரியுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு), தகப்பன் பெயர், உத்தேசமான ஆண்டு நான்கையும் எழுதிக்கொண்டு, ஞாயிறு நெரிசலில் பாதரைப் பிடிக்காமல் வாரநாள் காலையில் போங்கள்.