மதுரைக்கு வர்றவங்களை நூலகத்துக்கும் கூட்டிட்டுப் போங்க

ஊருக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு மீனாட்சியம்மன் கோயில், மகால், ஜிகர்தண்டா காட்டிவிடுகிறோம். அந்த வரிசையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் சேருங்கள். காமராஜர் பிறந்தநாளான ஜூலை 15 அன்று, 2023இல் திறந்தார்கள். 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் கண்ட ஊருக்கு இப்படி ஒரு கட்டடம் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு பெருமை!

புது நத்தம் சாலையில் இருக்கிறது. தல்லாகுளம் பக்கமிருந்து வந்தால் மேம்பாலத்தில் ஏறாமல் கீழ்ச் சாலையிலேயே வாருங்கள். கிளம்பும் முன் அன்று திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் கூட வந்தால் முதலில் அவர்கள் பகுதிக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து அவர்களைக் கிளப்புவதுதான் கஷ்டம், அதனால் அரை நாளாவது ஒதுக்குங்கள். பார்வைக் குறைபாடுள்ளவர்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் அழைத்து வாருங்கள், பிரெய்ல் நூல்கள் இருக்கின்றன.

பெரியவர்களுக்கு ஒன்று: அலமாரி அலமாரியாகத் தேடி அலையாதீர்கள். கணினியில் தலைப்பையோ ஆசிரியர் பெயரையோ தட்டி, வரும் எண்ணைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். புத்தக முதுகில் ஒட்டிய சீட்டிலும் அதே எண்தான். அந்த எண்ணுக்கு அக்கம்பக்கத்து நூல்களையும் புரட்டுங்கள். ஒரே பொருளில் உள்ளவை அருகருகே இருக்கும், நல்ல புத்தகங்கள் அப்படித்தான் மாட்டும். படித்து முடித்ததும் நீங்களே அலமாரியில் செருகாமல் மேசையிலேயே விட்டுவிடுங்கள். இடம் மாறிய புத்தகத்தை அடுத்தவர் கண்டுபிடிக்கவே முடியாது.