வயிறு தெரியும் முன்பே அப்பா ஆவது: முதல் 12 கிழமைக்கு ஒரு செய்முறை

டெஸ்டில் இரண்டு கோடு விழுந்துவிட்டது. மனைவி அழுகிறார், சிரிக்கிறார், இரண்டும் சேர்ந்து வருகிறது. நீங்கள் பக்கத்தில் நின்று "சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்று யோசிக்கிறீர்கள். அந்த இடத்தில் நிற்கும் ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அந்த இடத்தில் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். முதல் தடவை, வயிறு தெரியத் தொடங்கியதும் என் வேலை தொடங்கும் என்று நினைத்தேன். அது தவறு. வெளியே ஒன்றுமே தெரியாத இந்த மூன்று மாதத்தில்தான் அவருக்கு ஆள் அதிகம் தேவை.

படி 1: கணக்கும் குளிசையும், அதே நாளில்

கர்ப்பத்தின் வயதைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதனால் டெஸ்ட் செய்த அன்றே 4 அல்லது 5 கிழமை ஆகியிருக்கும். அந்தத் திகதியோடு 280 நாள் கூட்டினால் பிள்ளை பிறக்க எதிர்பார்க்கும் நாள் வரும். இந்தத் திகதியைப் போனில் குறித்து வையுங்கள், கிளினிக்கில் முதல் கேள்வியே அதுதான்.

ஃபோலிக் அமிலக் குளிசை ஏற்கெனவே எடுக்காவிட்டால் இன்றைக்கே வைத்தியரிடம் கேட்டுத் தொடங்குங்கள். பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பலருக்கு செய்தி தெரியவரும் நேரமே அதுதான், ஆகவே அடுத்த சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். அவர் வழமையாக வேறு ஏதாவது மருந்து எடுப்பவர் என்றால் அதையும் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சிகரெட் பிடிப்பவராக இருந்தால், அது இன்றோடு நிற்க வேண்டும். பல்கனியில் நின்று பிடித்தாலும் உடுப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும்.

படி 2: மிட்வைஃப் மிஸ்ஸைக் கண்டுபிடியுங்கள்

கொழும்பில் இருக்கும் நம்மவர்கள் பலர் நேராக ஒரு வி.ஓ.ஜி.யை (மகப்பேற்று விசேட வைத்தியரை) சனல் பண்ணிவிட்டு (காசு கட்டி நேரம் எடுத்துப் பார்த்துவிட்டு), பதிவு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சனல் பண்ணுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரிடம் (அவர்தான் மிட்வைஃப் மிஸ்) 8 கிழமைக்கு முன் பதிந்துவிடுங்கள். வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, ஃபிளாட்டில் சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்காரரைக் கேட்டால் எந்த கிளினிக், எந்த நாள் என்று சொல்வார்கள். அங்கே கர்ப்பிணிப் பதிவேடு தருவார்கள். இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் நோய்ப் பரிசோதனை), எச்.ஐ.வி. எல்லாம் பார்ப்பார்கள், குளிசை தருவார்கள், திரிபோஷ சத்துமாவும் அங்கேதான். இதற்கு ஒரு சதம் கேட்க மாட்டார்கள். பின்னால் தாய்மார் வகுப்பும் வைப்பார்கள், அதற்குக் கணவர்களையும் வரச் சொல்வார்கள். போங்கள்.

இன்னொன்று. கிளினிக்கில் கதை பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும். மனைவிக்குச் சிங்களம் சரளமில்லை, உங்களுக்குச் சரளம் என்றால், முதல் நாளாவது அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கூடவே போங்கள். "எத்தனை நாள் தள்ளிப் போனது", "முன்னர் கலைந்ததா" என்பதெல்லாம் பிழையாக எழுதப்படக் கூடாத பதில்கள்.

படி 3: சமையலறையை உங்கள் கைக்கு எடுங்கள்

குமட்டல் பொதுவாக 6ஆவது கிழமையளவில் தொடங்கும், 9ஆவது கிழமையில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலானவர்களுக்கு 12 முதல் 14 கிழமைக்குள் தணியும். எங்கள் வீட்டில் வெங்காயம் தாளிக்கும் மணம்தான் முதல் எதிரி, அடுத்தது கருவாடு, மூன்றாவது நான் பத்து வருடமாகப் போட்ட சென்ட். மூன்றையும் நிறுத்தினோம்.

நான் செய்தது இதுதான், நீங்களும் செய்து பாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் கிரீம் கிரேக்கர். அவர் எழும்ப முன்பே இரண்டு பிஸ்கட், பிறகு பத்து நிமிடம் படுத்திருக்கட்டும், வெறும் வயிற்றோடு எழும்பினால்தான் பிரட்டல் கூடும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சின்னச் சாப்பாடாக உடையுங்கள். இடியப்பத்தைக் கடையில் வாங்கி, சொதியை மட்டும் நீங்கள் வையுங்கள், தாளிக்காமல், தேசிக்காய் கொஞ்சம் தூக்கலாக. இஞ்சி போட்ட பிளேன்ரீ பலருக்குக் கேட்கும், சிலருக்கு அதுவும் ஆகாது. நேற்றுப் பிடித்தது இன்று பிடிக்காமல் போனால் மனம் நோகாதீர்கள், அது உங்கள் சமையல் மேல் குற்றமில்லை. சத்தி எடுத்தால் செவ்விளநீர், ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல்), ஒவ்வொரு மிடறாக.

ஆட்டிறைச்சி, முட்டை எல்லாம் நன்றாக வேக வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் அதன் கழிவைச் சுத்தம் செய்வது இனி உங்கள் வேலை, அதில் பிள்ளையைப் பாதிக்கும் ஒரு கிருமி இருக்கலாம்.

களைப்பும் சும்மா வருவதில்லை, உடம்பு உள்ளே இரவும் பகலும் வேலை செய்கிறது. என் மனைவி அப்போது காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்கு வேலைக்குப் போவாள். கர்ப்பிணித் தாய்மாருக்கென்று சீட் ஒதுக்கியிருக்கிறார்கள்தான், ஆனால் வயிறு தெரியாத பெண்ணுக்கு யார் எழும்பப் போகிறார்கள்? அவளுக்குக் கேட்கக் கூச்சம். ஒரு நாள் கூடவே ஏறி, கொண்டக்டரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் அன்றே ஒருவரை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார், அதன்பிறகு அதே பஸ் வரும் நாளெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். ஒன்றும் பெரிய காரியமில்லை, ஒரு வாய்ச்சொல். அதை அவருக்காக நீங்கள் சொல்ல வேண்டும்.

படி 4: உங்கள் மனதோடும் கொஞ்சம் இருங்கள்

ஆண்கள் தங்களுக்குள் இதைக் கதைப்பதேயில்லை. செய்தி கேட்ட நாளில் எனக்குச் சந்தோசம் வரவில்லை. வாடகை ஞாபகம் வந்தது, கட்டி முடிக்காத கடன் ஞாபகம் வந்தது, அப்புறம் "இப்படி நினைக்கிறேனே, நானெல்லாம் என்ன அப்பா" என்ற குற்ற உணர்வு வந்தது. பலருக்கு இப்படித்தான் இருக்கும். அவருடைய உடம்பு அவருக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் நினைவூட்டுகிறது, உங்கள் உடம்பில் ஒன்றும் மாறவில்லை. அதனால் உணர்வு வரட்டும் என்று காத்திருக்காமல் வேலையைத் தொடங்குங்கள். காலையில் பிஸ்கட் டப்பாவை நிரப்பிக்கொண்டு நின்ற ஒரு நாளில்தான் எனக்கு முதன்முதலாக "ஒரு ஆள் வரப்போகிறது" என்று நெஞ்சுக்குள் தட்டியது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரு கொப்பியில், உங்கள் அப்பாவிடமிருந்து கிடைத்தது எது, கிடைக்காதது எது என்று எழுதுங்கள். நேரம் எடுத்து எழுதுங்கள், ஒரே இருப்பில் முடியாது. என் அப்பா புறக்கோட்டையில் கடையில் நின்றவர், இரவு ஒன்பதரைக்குப் பாண் பையோடு வருவார், நாங்கள் தூங்கியிருப்போம். அவர் எங்களுக்காக உழைத்த உழைப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அவரோடு இருந்து சாப்பிட்ட இரவுகளை விரல் விட்டு எண்ணலாம். அதை எழுதிய பிறகுதான் ஏழு மணிக்கு வீட்டில் இருப்பது என்று முடிவெடுத்தேன். பிள்ளை வந்த பிறகு என்றில்லை, அந்தக் கிழமையிலிருந்தே. பழக்கம் வர மாதங்கள் எடுக்கும், கையில் மாதங்கள் இருக்கின்றன.

அந்த எழுத்தை மனைவிக்குக் காட்டுங்கள். அவரும் தன் பயத்தைச் சொல்வார். சொல்லும்போது குறுக்கே புகுந்து தைரியம் சொல்லாதீர்கள், முழுதாகக் கேளுங்கள்.

பயமும் சோர்வும் இரண்டு கிழமைக்கு மேல் விடாமல் இருந்தால், தூக்கம் கெட்டால், எதிலும் மனம் ஒட்டாவிட்டால், 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். பத்து அப்பாக்களில் ஏறக்குறைய ஒருவருக்கு மனைவியின் கர்ப்ப காலத்திலோ பிள்ளை பிறந்த முதல் வருடத்திலோ மனச்சோர்வு வருகிறது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

படி 5: யாருக்குச் சொல்வது என்று இருவரும் தீர்மானியுங்கள்

மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லக் கூடாது, நாவூறு பட்டுவிடும் என்பார்கள். ஊருக்குச் சொல்லாமல் இருப்பது சரி. ஆனால் ஒருவருக்குமே சொல்லாமல் இருக்காதீர்கள். எங்கள் முதல் கர்ப்பம் 9ஆவது கிழமையில் கலைந்தது. யாருக்கும் சொல்லியிருக்கவில்லை, அதனால் யாரிடமும் அழவும் முடியவில்லை. மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போனேன், அவள் தனியாக ஃபிளாட்டில் இருந்தாள். அந்த நாளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டாம் தடவை அவளுடைய அக்காவுக்கும் என் நண்பன் ஒருவனுக்கும் முதல் கிழமையிலேயே சொல்லிவிட்டோம்.

தெரிந்துகொள்ளுங்கள்: உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன, பெரும்பாலும் முதல் 12 கிழமைக்குள். பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் காரணம் கருவின் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) ஏற்படும் குறை. பஸ் குலுங்கியதோ, சண்டை பிடித்ததோ, ஒரு துண்டு பழுத்த பப்பாசி சாப்பிட்டதோ காரணமில்லை. அப்படி ஒன்று நடந்தால், யாராவது அவரைக் குற்றம் சொல்லும்போது நடுவில் நிற்க வேண்டியவர் நீங்கள்.

மாமியோ அம்மாவோ போனில் ஆளுக்கு ஒரு பத்தியம் சொல்வார்கள். சண்டை வேண்டாம். "சரி மாமி, கிளினிக்கில் கேட்டுச் செய்கிறோம்" என்று நீங்கள் பேசி முடியுங்கள், அவர் கையில் போனைக் கொடுக்காதீர்கள்.

படி 6: உடனே ஓட வேண்டிய நேரங்கள்

இதை எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். இரத்தம் போவது, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் நோவு, தோள்பட்டை நுனியில் நோவு, மயக்கம்: கரு, கருப்பைக்குள் போகாமல் குழாயிலேயே தங்கியிருக்கலாம், உயிராபத்து. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல், சலம் கடும் மஞ்சளாகப் போவது. காய்ச்சல்.

காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கொழும்பு. டெங்கு கர்ப்பிணிக்கு மிக ஆபத்து. காய்ச்சல் வந்த அன்றே வைத்தியரைப் பாருங்கள், பரசிட்டமோல் தவிர ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் ஒன்றையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஞாயிறுதோறும் பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, ஏ.சி. தண்ணீர் விழும் வாளி எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுங்கள்.

அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ், இலவசம். இரவில் எந்த வைத்தியசாலைக்குப் போவது என்று இன்றே பேசி வையுங்கள். பொரளைப் பக்கம் டி சொய்சாவும் காசல் வீதியும், தெஹிவளைப் பக்கம் களுபோவிலயும் இருக்கின்றன.

படி 7: காசும் லீவும்

அரச வைத்தியசாலையில் பிரசவம் இலவசம். பலர் செய்வது, வி.ஓ.ஜி.யை வெளியே சனல் பண்ணிப் பார்த்துவிட்டு, அவர் வேலை செய்யும் அரச வைத்தியசாலையிலேயே பிரசவத்துக்குப் போவது. என்னைக் கேட்டால் நடுத்தரச் சம்பளக்காரருக்கு இதுதான் தாங்கும். மாதச் சனல் காசையும் ஸ்கான் காசையும் இப்போதே தனியாக ஒதுக்குங்கள்.

மனைவி அரச வேலையிலோ கடை, அலுவலகச் சட்டத்தின் கீழ் வரும் வேலையிலோ இருந்தால் 84 வேலை நாள் மகப்பேற்று லீவு அவருடைய உரிமை. உங்களுக்கு, அரச வேலை என்றால் 3 நாள், தனியார் துறையில் சட்டப்படி ஒன்றுமில்லை. கடை, அலுவலகச் சட்டத்தின் கீழ் வேலை செய்பவருக்கு இரண்டாம் வருடத்திலிருந்து 14 நாள் வரை வருடாந்த லீவும் 7 நாள் கஷுவலும் உண்டு. கல்யாண வீடுகளுக்கு அவற்றைச் செலவழிக்காமல் சேர்த்து வையுங்கள். விவாகப் பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள், பிள்ளையின் பிறப்புப் பதிவுக்குத் தேவைப்படும்.

படி 8: முதல் ஸ்கானுக்கு நீங்களும் போங்கள்

11 முதல் 14 கிழமைக்குள் எடுக்கும் ஸ்கானில் பிள்ளையின் நீளத்தை அளந்து திகதியைச் சரிபார்ப்பார்கள். கணவரை உள்ளே விடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் விடுவதில்லை. கேள்விகளைப் போனில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனால் எல்லாம் மறந்துவிடும்.

என்னை விட்டார்கள். 12ஆவது கிழமை, 5 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய ஒரு ஆள், கையை முகத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. போன தடவை அந்தத் திரையில் அசைவே இல்லை என்பதால் மனைவி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். நான் அவள் காதுக்குள் "துடிக்குது, பார்" என்றேன். வெளியே வந்ததும் மாமிக்குப் போன் எடுத்தோம், அப்புறம் பதிவேட்டில் அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்து, அதே இடத்தில் நின்றுகொண்டே நான் லீவுக்கு மெசேஜ் போட்டேன்.