பாஸ்போர்ட் நகலை மின்னஞ்சலில் அனுப்பும் முன்: வெளிநாட்டுத் தனிச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குச் சென்ற ஆண்டு ஒரு விண்ணப்பத்தை அச்செடுக்கப் போயிருந்தேன். என் கோப்பைத் தேடுவதற்காகக் கடைப் பையன் கணினியில் டவுன்லோடு கோப்புறையைத் திறந்தபோது, முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேரின் பாஸ்போர்ட் பக்கங்கள் சிறு படங்களாகத் திரையில் விரிந்தன. பெயர், பிறந்த தேதி, எண், முகம் எல்லாமே நின்ற இடத்திலிருந்து படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தன. அவற்றை யாரும் திருடிக்கொண்டு வரவில்லை. உரியவர்களே ஸ்கேன் செய்யக் கொடுத்து, வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, கூலியையும் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

மின்னஞ்சலில் பாஸ்போர்ட் விவரம் அனுப்பலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வழியில் யாராவது பறித்துவிடுவார்களோ என்றே அஞ்சுகிறார்கள். இன்றைய பெரிய மின்னஞ்சல் சேவைகள் தங்களுக்கிடையே கடிதங்களைக் குறியாக்கம் செய்தே, அதாவது இடையில் எவரும் படிக்க முடியாதபடி மாற்றியே, கடத்துகின்றன என்பதால், வழிப்பறி அவ்வளவு எளிதன்று. ஆபத்து இரு முனைகளில்தான் இருக்கிறது. உங்கள் ‘அனுப்பியவை’ பெட்டியிலும், பெறுபவரின் அஞ்சல்பெட்டியிலும், அவர் அதை மறுபடி அனுப்பிய ஓட்டல்காரரின் கணினியிலும், இடையில் ஸ்கேன் செய்த கடையிலும் அந்த நகல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அவற்றில் ஏதேனும் ஒரு பெட்டியின் கடவுச்சொல் என்றைக்குக் களவு போகிறதோ அன்றைக்கு உங்கள் நகலும் களவு போகும். ஆகவே எப்படி அனுப்புவது என்பதைவிட, எதை அனுப்புவது, எப்போது அனுப்புவது, பிறகு அது எங்கே தங்கும் என்பவையே முதலில் யோசிக்க வேண்டியவை.

மதுரை விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கும் துபாய்க்கும் நேரடியாகப் பறக்க முடிகிற காலத்தில், டவுன்ஹால் ரோட்டு டிராவல்ஸ் ஏஜெண்டை நாடாமல், கண்டியில் கார் வைத்திருக்கும் ஓட்டுநரையோ ஹனோயில் உள்ள வழிகாட்டியையோ இணையத்தில் கண்டுபிடித்துக் குடும்பத்துக்கென்று தனிச் சுற்றுலா பேசிக்கொள்வது நம் பக்கத்திலும் பெருகியிருக்கிறது. இதில் செலவு குறையலாம், விருப்பமும் நிறைவேறலாம். ஆனால் மறுமுனையில் இருப்பது பெரும்பாலும் ஒரு தனிமனிதரும் அவருடைய ஒரே மின்னஞ்சல் முகவரியும்தான். அந்தப் பெட்டியை அவருடைய மகனும் மைத்துனரும் திறக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நான் பார்த்தவரை முதல் தவறும் பெரிய தவறும், எதற்கு என்று கேட்காமலே முழு நகலையும் அனுப்பிவிடுவதுதான். “பாஸ்போர்ட் காப்பி அனுப்புங்கள்” என்று ஒரு வரி வந்தவுடன், கேட்டவர் தப்பாக நினைத்துவிடுவாரோ என்ற கூச்சத்தில் நாம் அனுப்பிவிடுகிறோம். காரணம் ஒவ்வோர் இடத்துக்கும் வேறுபடும். பெரு நாட்டின் மாச்சு பிச்சுவுக்கான நுழைவுச்சீட்டும், ஸ்பெயினின் கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்ப்ரா அரண்மனைக்கான சீட்டும் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் குறித்தே தரப்படுகின்றன. வாயிலில் அசல் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இவற்றுக்கு வழிகாட்டிக்குத் தேவைப்படுவது தட்டச்சு செய்த சில விவரங்களே தவிர உங்கள் முகம் பதிந்த பக்கமன்று. இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் தங்குவோர் விவரத்தை ஓட்டல்கள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்தான். ஆனால் அதை அறையெடுக்கும் நாளில் அசலைக் காட்டியே முடிக்கலாம், நான்கு மாதம் முன்னதாக நகல் அனுப்ப வேண்டியதில்லை. வியட்நாமின் இ‑விசாவுக்குப் பாஸ்போர்ட் பக்கத்தின் படம் கட்டாயம் வேண்டும் என்பது உண்மை. அதை அந்நாட்டு அரசின் தளத்தில் நீங்களே பதிவேற்ற முடியும் என்பதும் உண்மை. வழிகாட்டியிடம் கொடுத்துச் செய்யச் சொல்வது வசதிக்காக நாம் எடுக்கும் முடிவு.

எனவே முதல் பதிலில் நகல் போகக்கூடாது, கேள்விதான் போக வேண்டும்: எந்தப் பதிவுக்காக, எந்தெந்த விவரங்கள், எந்தத் தேதிக்குள் தேவை? நேர்மையான வழிகாட்டி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நுழைவுச்சீட்டு, ரயில், விசா என்று பெயர் சொல்லிப் பதில் தருவார். “எங்கள் நடைமுறை அப்படி” என்று மட்டும் பதில் வந்தால், பயணத் தேதியும் விலையும் உறுதியாகும் வரை காத்திருக்கலாம்.

விவரங்களைத் தட்டச்சு செய்து அனுப்புவதிலும் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் தகப்பனார் பெயரைக் குறிக்கிறது. அது பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு இயற்பெயரோடு சேர்ந்திருக்கும், சிலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டமே வெறுமையாக இருக்கும். வாயால் சொல்லும் பெயரை எழுதாமல், பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே எழுத வேண்டும். பிறந்த தேதியில் மாதத்தை எண்ணால் எழுதினால் ஏப்ரல் 7 ஜூலை 4 ஆகிவிடும். ஆகையால் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள். நம்மில் பலர் கையிலுள்ள பாஸ்போர்ட்டுகளில் எண் என்பது ஓர் ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து 7 இலக்கங்களும் கொண்டது. அத்தகைய எண்ணில் முதல் எழுத்துக்குப் பின்னால் வட்டமாக எது வந்தாலும் அது சுழியமே, ‘O’ என்ற எழுத்தன்று. இந்தத் தெளிவு இல்லாதபோதுதான் எதிர்முனையில் இருப்பவர் “படமாகவே அனுப்பிவிடுங்கள்” என்கிறார்.

படம்தான் தேவை என்று உறுதியானால், அடுத்த தவறு கடைசிப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புவது. முகப்பக்கத்தில் இருப்பது பயணத்துக்கான அடையாளம். கடைசிப் பக்கத்திலோ தந்தை, தாய், வாழ்க்கைத்துணை ஆகியோரின் பெயர்களும், வீட்டு முகவரியும், பழைய பாஸ்போர்ட்டின் எண்ணும் இருக்கின்றன. நம் நாட்டு வங்கிகள் வாடிக்கையாளரை அடையாளம் காண ரிசர்வ் வங்கி ஏற்றுக்கொண்ட ஆவணங்களில் பாஸ்போர்ட்டும் ஒன்று என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டு பக்கங்களும் ஒரே கோப்பில் ஒருவர் கையில் சேர்வது எதற்கெல்லாம் உதவும் என்பது விளங்கும். அம்மாவின் பெயரைத் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்க்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. இதற்கு ஒரு விலக்கு உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்து, பின்னர் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ மற்றொரு பக்கத்தில் இருந்தால் ஏற்பதாக விளக்கம் தந்தது. குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக உள்ளவர்களிடம் துபாய் முகவர் கடைசிப் பக்கத்தைக் கேட்டால் அதில் நியாயம் இருக்கலாம். மற்றவர்கள் காரணம் கேட்க வேண்டும்.

தேவையற்ற விவரங்களை மறைத்து அனுப்புவது நல்ல பழக்கம்தான், ஆனால் அரைகுறையாக மறைப்பது மறைக்காததைவிட மோசம். ஏனென்றால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பை அது கொடுத்துவிடுகிறது. முகப்பக்கத்தின் மேலே உள்ள எண்ணைக் கறுப்படித்துவிட்டு, அடியில் உள்ள இரண்டு வரிகளை அப்படியே விட்டுவிடுபவர்கள் ஏராளம். வரிக்கு 44 எழுத்திடங்கள் கொண்ட அந்த இரண்டு வரிகளும் இயந்திரம் படிப்பதற்காக உள்ளவை. முதல் வரியில் பெயர் இருக்கிறது. இரண்டாம் வரி பாஸ்போர்ட் எண்ணோடுதான் தொடங்குகிறது. தொடர்ந்து நாட்டுக் குறி, பிறந்த தேதி, பாலினம், காலாவதி தேதி எல்லாம் வருகின்றன. பிறந்த தேதியை மேலே மறைத்தவர் அதை அங்கேயும் மறைக்க வேண்டும். கைபேசியின் ஹைலைட்டர் தூரிகையால் பூசிய கறுப்பு, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கலைந்து அடியில் உள்ளதைக் காட்டிவிடும். பி.டி.எஃப். கோப்பின் மேல் வைத்த கறுப்புக் கட்டத்தையோ நகர்த்திவிடவே முடியும். நிச்சயமாக மறைக்க விரும்பினால் வெள்ளைத்தாள் துண்டை வைத்து மூடியபின் படமெடுங்கள். அப்படி மூடியதை எந்தச் செயலியாலும் திறக்க முடியாது.

மறைப்பதோடு எழுதவும் வேண்டும். சிம் கார்டு வாங்க ஜெராக்ஸ் கொடுக்கும்போது குறுக்கே கையெழுத்திட்டு “இந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்” என்று எழுதுவதை நம் பெரியவர்கள் சிலர் விடாமல் செய்வார்கள். அதைப் பார்த்துச் சிரித்ததற்காக இப்போது வருந்துகிறேன். பாஸ்போர்ட் படத்தின் மீதும் பெறுபவரின் பெயர், நோக்கம், தேதி ஆகியவற்றை, முகத்தையும் எழுத்துகளையும் தொட்டுச் செல்லுமாறு குறுக்காக ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், அந்தப் படத்தை வேறிடத்தில் காட்டுவது கடினமாகிவிடும். நெதர்லாந்து அரசு இதற்கென்றே ‘கோப்பிஐடி’ என்ற செயலியைத் தன் மக்களுக்கு வெளியிட்டிருக்கிறது. நமக்குக் கைபேசியின் படத்திருத்தியே போதும். விசா விண்ணப்பத்துக்கு மட்டும் எழுத்தில்லாத சுத்தமான படம் தேவைப்படும். அதை அரசுத் தளத்தில் நீங்களே ஏற்றுவது நல்லது என்று முன்பே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோப்பைப் பூட்டி அனுப்புகிறவர்கள் செய்யும் தவறு நகைப்புக்குரியது. பதிவிறக்கிய ஆதாரின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் என்றிருப்பதைப் பழகியதால், பாஸ்போர்ட் கோப்புக்கும் அதையே வைக்கிறார்கள். கடிதத்தின் தலைப்பிலேயே பெயர் இருக்கிறது. பிறந்த ஆண்டை ஊகிக்க நூறு முயற்சி கூடத் தேவையில்லை. இன்னும் சிலர் அதே கடிதத்தின் அடியிலேயே கடவுச்சொல்லையும் எழுதிவிடுகிறார்கள். பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவதற்கு இது சமம். சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்துக் கடவுச்சொல்லாக வைத்து, அதைத் தொலைபேசியில் சொல்லுங்கள். கோப்பைப் பூட்டுவதற்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளே போதும். பி.டி.எஃப்.பைப் பூட்டித்தருவதாகவோ அளவைக் குறைத்துத்தருவதாகவோ சொல்லும் முன்பின் அறியாத இணையதளங்களில் பாஸ்போர்ட்டைப் பதிவேற்றக் கூடாது. ஸ்கேன் செயலிகளிலும் இதே கவனம் தேவை. 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில், அப்போது பல வீடுகளில் இருந்த கேம்ஸ்கேனரும் ஒன்று. கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. ஆனால் டிரைவில் போட்டு இணைப்பை அனுப்பும்போது, ‘இணைப்பு உள்ள எவரும்’ என்பதைத் தேர்வு செய்யாமல், பெறுபவரின் முகவரிக்கு மட்டும் அனுமதி தர வேண்டும். வேலை முடிந்ததும் அந்த அனுமதியை நீக்கிவிடலாம் என்பதே இந்த முறையின் பெரிய ஆதாயம்.

குடும்பமாகப் போகும்போது இன்னொன்று நடக்கிறது. சித்தப்பா ஒருவர் பொறுப்பெடுத்து, “எல்லாரும் பாஸ்போர்ட்டைக் குரூப்பில் போடுங்கள்” என்பார். உடனே பன்னிரண்டு பேரின் பக்கங்கள், குழந்தைகளுடையவை உட்பட, இருபது கைபேசிகளின் கேலரியில் தாமாகவே இறங்கி, அங்கிருந்து மேகச் சேமிப்புக்கும் ஏறிவிடும். வாட்ஸ்அப்பின் குறியாக்கம் வழியைத்தான் காக்கும். கைபேசிக்கு வந்துசேர்ந்த படத்தை அது காக்காது. சித்தப்பாவுக்குத் தனியாக அனுப்புங்கள். ஜெராக்ஸ் கடையைத் தவிர்க்க முடியாதவர்கள் ஸ்கேன் செய்த கோப்பைத் தங்கள் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு, கணினியில் உள்ளதையும் ரீசைக்கிள் பின்னில் உள்ளதையும் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்ல வேண்டும். கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்திருந்தால், வெளியே வருமுன் உங்கள் கைபேசியிலிருந்தே அதைத் துண்டித்துவிடுங்கள்.

முகவரியைச் சரிபார்க்காமல் அனுப்புவதும் உண்டு. ஓரெழுத்து மாறினால் கடிதம் வேறொருவருக்குப் போகும். அதைவிடத் தந்திரமானது, உண்மையான வழிகாட்டியின் பெட்டிக்குள்ளேயே வேறொருவர் புகுந்து உட்கார்ந்திருப்பது. அவர் இதுவரை நடந்த உரையாடலையெல்லாம் படித்துவிட்டு, “வங்கிக் கணக்கு மாறிவிட்டது, முன்பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள், பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபியும் அனுப்புங்கள்” என்று அதே முகவரியிலிருந்து எழுதுவார். கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தால், முன்பே தெரிந்த எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. பாஸ்போர்ட்டோடு செல்ஃபி எடுத்து அனுப்பும் தேவை எந்தத் தனிச் சுற்றுலா வழிகாட்டிக்கும் இல்லை. இணையவழிக் கணக்குகளை உங்கள் பெயரில் திறப்பவருக்குத்தான் அது தேவை.

ஊர் திரும்பியதும் படங்களைப் பகிரும் அவசரத்தில் மறந்துபோவது, நகலை அழிப்பது. ‘அனுப்பியவை’ பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை நீக்கினாலும் ஜிமெயிலின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள் இருக்கும் என்பதால், அங்கேயும் நீக்க வேண்டும். வழிகாட்டிக்கும் நன்றி சொல்லி, நகலை அழித்துவிடும்படி இரண்டு வரி எழுதுங்கள். அவர் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவரானால், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமையும் உண்டு.

ஏற்கெனவே முழு நகலையும் தவறான ஆளிடம் கொடுத்துவிட்டவர்கள், முதலில் தங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட வேண்டும். தங்கள் பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் ஓடுகின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பதால், அதை வாங்கி அறியாத கடன் ஏதும் உள்ளதா என்றும் பாருங்கள். பணமும் போயிருந்தால் இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைப்பதில் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்க வேண்டாம். மோசடி செய்தவர் பணத்தை எடுப்பதற்குள் புகார் பதிவானால்தான் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க முடியும்.