காலையில் பள்ளி மாஸ்டர், மாலையில் கிளப் மாஸ்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த பி.டி. மாஸ்டர் என்னிடம் பயிற்சிக்குத் திடலில் வைக்கும் பிளாஸ்டிக் கோன்களைக் கடன் வாங்க வந்தார். பகலில் பள்ளி, சாயங்காலம் வியாசர்பாடியில் சின்னப் பசங்களுக்குக் கால்பந்து கிளப். பேச்சுவாக்கில், "குறுவட்டப் போட்டிக்கு டீம் ரெடி சார், எல்லாம் நம்ம கிளப் பசங்கதான்" என்றார். குறுவட்டம் என்றால் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் கட்டப் போட்டி. முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே வாக்கியத்தை, அதே பெருமையோடு நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு இடத்தில் கோச்சாக இருப்பது குற்றம் என்று சொல்லவில்லை. வடசென்னையில் பல திடல்களில் சாயங்காலம் விசில் சத்தம் கேட்பதே பள்ளி முடிந்து வரும் மாஸ்டர்களால்தான். காசு வாங்கிக்கொண்டு டீமில் இடம் தருவது, பிறந்த தேதியைத் திருத்துவது போன்றவற்றைப் பற்றியும் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைச் செய்கிறவர்கள் தெரிந்தேதான் செய்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு இருப்பவர்கள் வழுக்கி விழும் இடங்களைத்தான் சொல்கிறேன்.

பள்ளிப் பந்து கிளப் பையில்

ஒரு நாளைக்குக் கூட வேண்டாம்.

ஹெச்.எம்.முக்குத் தெரியும்தானே என்று இருப்பது

தெரிந்திருப்பது வேறு, எழுத்தில் இருப்பது வேறு. கிளப்பின் பெயர், பயிற்சி நேரம், பணம் வாங்குகிறீர்களா இல்லையா, நம் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே வருகிறார்கள் என்று ஒரு பக்கக் கடிதம் போதும். அரசு ஊழியராக இருந்தால், சம்பளத்துக்கு வேறு வேலை செய்ய முன் அனுமதி வாங்க வேண்டும் என்று 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் சொல்கின்றன. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28, ஆசிரியர் தனியாக டியூஷனோ வேறு கற்பித்தலோ நடத்தக் கூடாது என்கிறது. "கால்பந்து டியூஷனா சார்?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். அதைப் புகார் மனு வந்த பிறகு கேட்காமல், வருவதற்கு முன்னால் கேளுங்கள். பள்ளிப் பையனின் அப்பாவிடம் நீங்களே மாதக் கட்டணம் வாங்கும் நிலைமை மட்டும் வரவே வேண்டாம்.

கிளப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பள்ளி டீமை எழுதுவது

நான் செய்தது இதுதான், உவமைக்காகச் சொல்லவில்லை. நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு, கிளப்பின் வருகைப் பதிவு. அதைப் பின்பக்கமாகத் திருப்பி, குறுவட்டப் போட்டிக்குப் பதினாறு பெயர் எழுதினேன். எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. பதினாறில் பதிமூன்று பேர் என் கிளப் பசங்க.

சத்தியமாக யாருக்கும் ஓரவஞ்சனை செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. சிக்கலே அங்கேதான். கிளப் பையனை நான் காலையிலும் பார்க்கிறேன், மாலையிலும் பார்க்கிறேன். அவன் எந்தக் காலால் பந்தை நிறுத்துவான், எப்போது மூச்சு வாங்கும், அவன் வீட்டில் என்ன பிரச்சினை, எல்லாம் எனக்கு அத்துப்படி. பேனாவை எடுத்ததும் தெரிந்த பெயர்தான் முதலில் வருகிறது. தெரியாத பையன் நன்றாக ஆடினால் "இன்னிக்கு ஏதோ ஆடிட்டான்" என்று தோன்றும். தெரிந்த பையன் மோசமாக ஆடினால் "இன்னிக்கு உடம்பு சரியில்ல போல" என்று தோன்றும்.

அந்த வருஷம் இடது விங்கில் ஒரு பையன் இருந்தான். அம்மா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து வந்து சாயங்காலம் தெருமுனையில் விற்பவர். பையன் காலை ஆறு மணிக்குப் பள்ளித் திடலில் நிற்பான், மாலையில் அம்மாவோடு கடையில் உட்கார வேண்டும். அதனால் கிளப்புக்கு வர முடியாது. பெரியமேட்டில் வாங்கிய ஸ்டட் ஷூ, ஒரு சைஸ் பெரிது, நுனியில் துணி அடைத்திருப்பான். அந்த ஸ்டட்டோடு கோட்டை ஒட்டி ஓடினான் என்றால் என் கிளப் டிஃபெண்டர்கள் இரண்டு பேர் பின்னால் நிற்பார்கள். அந்தப் பதினாறில் அவன் பெயர் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவன் அம்மா கேட்டருகே நின்றார். கூடை இடுப்பில். "மாஸ்டர், சாயங்காலம் உங்க கிளப்புக்கு வரலன்னுதான் புள்ளய எடுக்கலியா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. பையன் நல்லாத்தான் ஆடுறான். அடுத்த வருஷம் கண்டிப்பா எடுத்துடலாம்."

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "அடுத்த வருஷம் ஏது மாஸ்டர்? இந்தப் பள்ளிக்கூடத்துல பத்தாவதோட முடியுதே."

அந்தப் பையன் எந்த வகுப்பு என்று கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் கிளப் பசங்க பதிமூன்று பேரின் பிறந்த தேதியையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷம் கழித்தும், தோற்ற மேட்ச் எதையும் விட, கேட்டருகே நான் சொன்ன அந்தப் பதில்தான் எரிச்சலாக இருக்கிறது. மறுநாளிலிருந்து பையன் காலையில் வருவதை நிறுத்திவிட்டான். நானும் ஆள் அனுப்பவில்லை.

பள்ளி டீமில் ஒரு இடம் என்றால் சும்மா இல்லை. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறும் ஏணியின் முதல் படி அது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு எல்லாம் அந்த ஏணியின் உச்சியில் இருப்பவை. எல்லாப் பையனும் உச்சிக்குப் போக மாட்டான், சரி. முதல் படியில் யாரை ஏற்றுவது என்பதை என் நோட்டு முடிவு செய்தது என்பதுதான் கேவலம்.

இப்போது நான் தேர்வு செய்வதில்லை. பக்கத்துப் பள்ளி மாஸ்டர் ஒருவரும் நானும் மாற்றிக்கொள்கிறோம். அவர் எங்கள் பள்ளிக்கு வருவார், நான் அவர் பள்ளிக்குப் போவேன். பசங்களுக்குப் பனியனில் எண் மட்டும், பெயர் கிடையாது. தேர்வு காலையில்தான், சாயங்காலம் வேலைக்குப் போகிற பையனும் வர முடிகிற நேரத்தில். மதிப்பெண் தாள் அன்றைக்கே நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். முதல் தடவை இப்படிச் செய்தபோது என் கிளப் பசங்க நான்கு பேருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு அப்பா என்னோடு மூன்று மாதம் பேசவில்லை.

ஒரே வாரத்தில் இரண்டு போட்டி

வெள்ளிக்கிழமை பள்ளி மேட்ச், ஞாயிற்றுக்கிழமை கிளப் லீக். பையன் நொண்டுகிறான். பள்ளி மாஸ்டர் "ஓய்வெடு" என்று சொல்ல வேண்டும், கிளப் மாஸ்டர் "ஸ்ப்ரே அடிச்சுக்கோ" என்பார். இரண்டும் நீங்களே என்றால் ஸ்ப்ரேதான் ஜெயிக்கும். யாருக்கு ஓய்வு என்பதை ஆட்டத்தின் முடிவில் அக்கறை இல்லாத ஒருவர் சொல்லட்டும். பையனின் அம்மாவே போதும், அவரிடம் உண்மையைச் சொன்னால்.

அசல் சான்றிதழ்கள்

கிளப் பதிவுக்கு நகல் போதும். பிறப்புச் சான்றிதழின் அசலைக் கிளப் பீரோவில் வைத்துக்கொண்டு, பையன் வேறு கிளப்புக்குப் போகிறேன் என்றதும் "தேடிப் பாக்குறேன்" என்று சொல்லும் கோச்சுகளை எனக்குத் தெரியும். ஒருவர் என்னிடம் விசில் பிடிக்கக் கற்றவர்.

பள்ளி வாட்ஸ்அப் குழுவில் கிளப் விளம்பரம்

போடாதீர்கள்.

வேறு கிளப் பையனை முறைப்பது

உங்கள் பள்ளியில் படிக்கும் பையன் போட்டிக் கிளப்பில் ஆடுகிறானா? ஆடட்டும். பள்ளித் திடலில் அவன் உங்கள் பையன்தான். அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தால் காரணம் என்னவென்று மற்ற பசங்களுக்கு உடனே தெரிந்துவிடும். உங்களுக்குத்தான் கடைசியில் தெரியும்.

கோன் வாங்க வந்த தம்பி நேற்றுப் போன் செய்தார். எழுதி வைத்த பட்டியலைக் கிழித்துவிட்டாராம், சனிக்கிழமை காலை அவர் பள்ளிக்கு வந்து தேர்வு நடத்த முடியுமா என்று கேட்டார். ஆறு மணிக்கு வருகிறேன் என்றேன். டீ அவர் செலவு. அவர் கிளப் பசங்க யார் யார் என்று என்னிடம் சொல்லக் கூடாது.